மாத்திரை டப்பாவும் மூலிகைப் பொடியும்

ட்ரைக்கோடெர்மா விரிடி போட்ட பாத்தியில் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி ஊத்தலாமான்னு நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க. "போட்டதெல்லாம் வீணாப் போச்சு போங்க" என்பார்கள். ட்ரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சாணம், பூஞ்சாணக்கொல்லி பட்டால் அதுவும் செத்துப் போகும். சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா, அதோடு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்தால் அதற்கும் அதே கதிதான். இயற்கை விவசாயத்துக்குப் புதுசா வந்தவருக்குக்கூட முதல் போகம் முடியறதுக்குள்ள இது தெரிஞ்சு போகுது. செடிக்குக் கொடுக்கிற ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு சேருமா, எத்தனை நாள் இடைவெளி விடணும் என்று இவ்வளவு கேட்கிற நாம், நம்ம வயித்துக்குள்ள போற ரெண்டு பொருளைப் பத்தி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இன்றைக்கு எந்தக் கிராமத்திலும் அறுபது வயதைத் தாண்டியவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் ரெண்டும் இருக்கும். ஒரு பக்கம் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு இவை வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல விஷயம்தான். இன்னொரு பக்கம் ஆவாரம்பூப் பொடி, சிறுகுறிஞ்சான் பொடி, முருங்கையிலைப் பொடி, அமுக்கரா சூரணம். இதில் பாதி நாமே காய வைத்து, அரைத்து, பாக்கெட் போட்டு இயற்கைச் சந்தையில் விற்றது. அதனால் இது டாக்டர்கள் மட்டும் பேசவேண்டிய சமாச்சாரம் இல்லை. விற்கிறவர்களும் பேசியாக வேண்டும்.

"மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது" என்று நம்ம கூட்டங்களில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. மஞ்சளுக்குக் காயம் ஆற்றும் குணம் இருக்கு என்று அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமையை நம் நாடு எதிர்த்து வழக்காடி, 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அந்தக் குணம் காலங்காலமாக எங்களுக்குத் தெரியும் என்பதுதான் அன்று நம் வாதம். அதாவது மஞ்சள் உடம்புக்குள் வேலை செய்யும் என்று உலகத்துக்கு முன்னால் நிரூபித்திருக்கிறோம். வேலை செய்யும் என்று ஒரு மேடையில் சொல்லிவிட்டு, மாத்திரை சாப்பிடுகிறவர் எடுத்தால் ஒண்ணும் செய்யாது என்று இன்னொரு மேடையில் சொல்ல முடியாது. வேலை செய்கிற பொருள் எதுவானாலும், பக்கத்தில் வேலை செய்கிற இன்னொண்ணோட ஒத்தும் போகும், மோதவும் செய்யும்.

நாற்பத்தாறு

எங்க பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரைக்குக் காலையில் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர். மருமகன் வாங்கிக் கொடுத்தார் என்று சிறுகுறிஞ்சான் பொடி ஆரம்பித்தார். அந்த இலையைப் பச்சையாக மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. சர்க்கரைக்கொல்லி என்கிற பேர் அதனால் வந்தது. ஒரு மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 180-லிருந்து 110-க்கு வந்தது. மனிதருக்குச் சந்தோஷம். ஒரு ஸ்பூனை ரெண்டாக்கினார், காலையும் மாலையும். மாத்திரையும் அதே அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமை. விரதம் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். மாத்திரையை விடவில்லை, பொடியையும் விடவில்லை. பத்தரை மணிக்கு மக்காச்சோளக் காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க வேர்வை, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். வேலைக்கு வந்தவர்கள் வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து நிழலில் படுக்க வைத்தார்கள். மருமகள் ஓடிவந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு என்று கணக்கு. நல்லவேளை விழுங்கும் நிலையில் இருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சாயங்காலம் மறுபடியும் இறங்கியது. இந்த வகை மாத்திரை ஒரு நாள் பூராவும் உடம்பில் நின்று வேலை செய்வதால், ஒரு தடவை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி அங்கேயே தங்க வைத்தார்கள்.

டாக்டர் கேட்டார், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா ஐயா?" பெரியவர் சொன்னார், "ஒண்ணும் இல்லீங்க." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் பொடி மருந்தில் சேராது.

பொடி தோற்றுப்போன கதையாக இதைப் படிக்க வேண்டாம். பொடி நன்றாகவே வேலை செய்தது. சர்க்கரை 110-க்கு வந்த அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாத்திரையின் அளவைக் குறைத்திருப்பார், வரப்பில் விழவேண்டிய அவசியம் வந்திருக்காது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு சாப்பிடுகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்கணும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, நாவல்கொட்டைப் பொடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லணும். இதயத்துக்கோ பிரஷருக்கோ அட்டினலால், மெட்டாப்ரலால், புரொப்ரனலால் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரவேண்டிய படபடப்பும் கை நடுக்கமும் சரியாக வெளியே தெரியாது. வேர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். காட்டில் வேலை செய்கிறவனுக்கு வேர்வை ஒரு அடையாளமா? மயங்கி விழுந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதீங்க, புரை ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வடிகாலை அடைத்தால்

மேலே சொன்னது ரெண்டு பொருள் ஒரே பக்கம் இழுக்கிற கதை. இன்னொரு வகை இருக்கு. அதைப் புரிந்துகொள்ள வயலை நினைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் மடை வழியாக உள்ளே வருகிறது, மிச்சம் வடிகால் வழியாக வெளியே போகிறது. உள்ளே போகிற மருந்தைச் சிதைத்து வெளியே அனுப்பும் வடிகால் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலும், ஓரளவு குடலும் பார்க்கின்றன. டாக்டர் எழுதிக் கொடுக்கிற அளவு, வடிகால் எப்போதும்போல ஓடும் என்கிற கணக்கில் எழுதியது. எதையாவது சாப்பிட்டு வடிகாலை அடைத்துவிட்டால் அதே ஒரு மாத்திரை ரெண்டு மாத்திரையாக நிற்கும். அகலமாகத் திறந்துவிட்டால் மருந்து உடம்பில் நிற்காமல் ஓடிவிடும்.

அடைக்கிற வேலையில் கெட்டிக்காரர் நம்ம மிளகு. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின் என்கிற பொருள் அதைச் செய்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை எத்தனையோ மருந்துகளில் நம் சித்தர்கள் கூட்டுச் சரக்காக வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், மஞ்சளின் சாரமான குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் ஏறிய குர்குமின் 20 மடங்கு கூடியது. ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம் இதே குணத்தைக் காசநோய் மருந்துக்குப் பயன்படுத்தியது. 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் செய்கிற வேலையை, பைப்பரின் சேர்த்தால் 200 மில்லிகிராம் செய்யும் என்று காட்டி, அந்தக் கூட்டு மருந்து சந்தைக்கும் வந்தது. நமக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் பெருமைக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறவருக்கும், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுக்கிறவருக்கும் மிளகு அதே வேலையைத்தான் செய்யும். இந்த ரெண்டு மருந்திலும் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம்தான். மிளகில் பைப்பரின் சுமாராக நூற்றுக்கு 5 பங்கு. 20 மில்லிகிராம் என்றால் ஒரு எட்டு, பத்து மிளகு. ரசத்துக்குப் பயப்பட வேண்டாம், அதில் தட்டிப் போட்ட மிளகு குடும்பத்துக்கே பிரிந்து போகிறது. தினமும் திரிகடுகச் சூரணமோ, பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரையோ எடுத்துக்கொள்வது வேறு. பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பார்த்தால் இப்போது பல மஞ்சள் மாத்திரைகளில் பைப்பரின் சேர்த்திருப்பது தெரியும்.

பழத்திலும் இந்தக் குணம் இருக்கு என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. கனடாவில் லண்டன் என்று ஒரு ஊர். அங்கே டேவிட் பெய்லி என்பவர் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாராய ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேலே ஏறி நின்றது. குற்றவாளி சாராயம் இல்லை, சாறு என்று பிறகு தெரிந்தது. கிரேப்ஃப்ரூட் என்பது நம்ம வீட்டுப் பின்பக்கம் நிற்கிற பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அந்த வடிகாலை அடைக்கிற பொருள்கள் பம்பளிமாசிலும் உண்டு. சிறுநீரக மாற்று செய்துகொண்டு டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின், அட்டர்வாஸ்டாட்டின் எடுக்கிறவர்கள் அந்தப் பழத்தை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

வடிகாலை அகலப்படுத்துவதில் உலகப் பிரசித்தம் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்கிற ஐரோப்பிய மூலிகை. மனச்சோர்வுக்குச் சாப்பிடுவது. மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்கள் இதைச் சாப்பிட்டு, உடம்பு அந்த இதயத்தை ஏற்க வைக்கும் மருந்து ரத்தத்தில் குறைந்து, இதயத்தை உடம்பு தள்ள ஆரம்பித்த செய்தி 2000-ல் வந்தது. நம்ம மண்ணில் யாரும் பயிர் செய்வதில்லை. ஆனால் ஆன்லைனில் கிடைக்கிறது, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது வாங்கியும் வருகிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க

இதய வால்வு மாற்றியவர்கள் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுவார்கள். ரத்தம் அளவாக இளகியிருக்கிறதா என்று ஐ.என்.ஆர். பரிசோதனை செய்வார்கள், பலருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் மூளையிலோ குடலிலோ கசியும். இந்த மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை இளக்குகிறது. கீரைகளில் வைட்டமின் கே நிறைய. முருங்கைக்கீரையிலும் அப்படித்தான்.

இதைச் சொன்னதும் "அப்போ கீரையே கூடாதா?" என்று கேட்பார்கள். கூடும். வாரம் மூணு நாள் கீரை சாப்பிடுகிறவர் எப்போதும் வாரம் மூணு நாள் சாப்பிடட்டும், டாக்டர் அதற்குத் தகுந்த மாதிரி மாத்திரை அளவை வைப்பார். திடீரென்று ஒரு நாள் தினமும் ரெண்டு ஸ்பூன் முருங்கைப் பொடி ஆரம்பிப்பதும், திடீரென்று நிறுத்துவதும்தான் வில்லங்கம். பொடி என்பது சுருக்கிய கீரை. ஒரு கட்டு இலை காய்ந்தால் எவ்வளவு பொடி வருகிறது என்று அரைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நடைப்பயிற்சிக்காரர்களுக்காகப் பூங்கா வாசலில் விற்கிற அருகம்புல் சாறும் பச்சை இலைச் சாறுதான், அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கணும்.

மஞ்சள் எதிர்ப்பக்கம் போகிறது. வார்ஃபரினில் நிதானமாக இருந்த ஒருவர் மஞ்சள் மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியது என்று நியூசிலாந்து அரசின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. குழம்பில் போடுகிற மஞ்சளை அது சொல்லவில்லை, செறிவாக்கிய மாத்திரையைச் சொன்னது. பூண்டு, இஞ்சி மாத்திரைகளிலும் இந்தச் சந்தேகம் உண்டு. ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே இப்படிப்பட்ட மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து கேட்கும்போது பொடி, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்க.

அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான். நாள் கணக்கில் தொடர்ந்தால் உப்பை உடம்பில் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏற்கனவே பொட்டாசியம் இறங்கிக்கொண்டிருக்கும், ரெண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு இன்னும் மோசம். நிலாவாரையும் இதே வழிதான். திருநெல்வேலி சென்னா என்று நம்ம ஊர்ப் பேரிலேயே கப்பல் ஏறுகிற இலை அது. மலச்சிக்கலுக்கு ரெண்டு நாள் சாப்பிடலாம், வருஷக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் பொட்டாசியம் போய்விடும். இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் நேர் எதிர். சிறுநீரகம் பழுதானவர், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர் தினமும் குடித்தால் பொட்டாசியம் கூடிப் போகலாம். கூடினாலும் ஆபத்து இதயத்துக்குத்தான்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கவேண்டியது. நம்ம வழக்கத்தில் மூலிகைச் சாறும் வெறும் வயிறுதான், இசப்கோலும் வெறும் வயிறுதான். எல்லாம் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. இதற்கு நேரத்தை மாற்றினாலே போதும். அமுக்கரா விஷயம் அப்படி முடியாது. அது தைராய்டு சுரப்பையே தூண்டக்கூடியது, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தத்தைக் கூட்டக்கூடியது. கேட்டுவிட்டுத்தான் எடுக்கணும்.

யாரிடம் சொல்வது

நான் வங்கியில் இருந்த காலத்தில் பயிர்க்கடன் கேட்டு வருகிறவரை, சுத்துப்பட்டில் இருக்கிற மற்ற வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பாக்கி இல்லை என்று சான்று வாங்கி வரச் சொல்வோம். அலைய விடுறாங்கன்னு திட்டுவார்கள். ஒரே நிலத்தின் மேல் ரெண்டு இடத்தில், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் கடன் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. உடம்பு என்கிற ஒரே நிலத்துக்கு ஆங்கில டாக்டர் ஒரு பக்கம், சித்த மருத்துவர் ஒரு பக்கம், யூடியூப் ஒரு பக்கம் என்று மூணு பேர் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒருத்தர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

சொல்லாததற்கு டாக்டர்களும் காரணம். "கண்ட பொடியையும் தின்னுட்டு ஏன் இங்க வர்றீங்க?" என்று ஒரு தடவை சத்தம் போட்டால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அங்கே வாயை மூடிக்கொண்டவர் வீட்டில் மாத்திரையையே நிறுத்திவிட்டால் அது இன்னும் பெரிய கேடு. இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்குப் போனவர்கள் நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்கு வருவது நடக்கிறது. இதற்கு வழி பக்கத்திலேயே இருக்கு. நம் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும், நிறைய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒரே வளாகத்துக்குள் சித்த மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை அட்டையையும் பொடி பாக்கெட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் ரெண்டு பேரிடமும் காட்டலாம். பேர் சொல்லத் தெரியாவிட்டாலும் அட்டை சொல்லும்.

பேரே இல்லாத பொடி வேறு ரகம். மூட்டு வலிக்கு ஒரே நாளில் கேட்கிற பொடியில் ஸ்டீராய்டும், சர்க்கரைக்கு ஒரே வாரத்தில் கேட்கிற பொடியில் கிளிபென்கிளமைடும் கலந்திருந்தது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அவ்வளவு வேகமாகக் கேட்டால் நம்பாதீங்க.

கடைசியாக நம்ம விற்பனைக்கு வருகிறேன். பாக்கெட்டில் செடியின் பேர், எந்தப் பாகம், ஒரு ஸ்பூனுக்கு எத்தனை கிராம், அரைத்த தேதி இவ்வளவும் இருக்கணும். கூடவே ஒரு வரி: "சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தவும்." இதை எங்க குழுக் கூட்டத்தில் சொன்னபோது ரெண்டு பேர் எழுந்து, "இப்படி எழுதினா யாருங்க வாங்குவாங்க?" என்றார்கள். நியாயமான கவலைதான், பொடி விற்ற காசில்தான் சில வீடுகளில் பள்ளிக்கூடக் கட்டணமே கட்டுகிறார்கள். கடைசியில் சிறுகுறிஞ்சான், முருங்கை, அமுக்கரா மூன்றுக்கு மட்டும் முதலில் போடுவது என்று முடிவானது. எல்லாவற்றுக்கும் போடணும் என்பது என் கட்சி, அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசப் போகிறேன். எழுதினாலும் எழுதாவிட்டாலும், வாங்க வருகிறவரிடம் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று வாய்விட்டுக் கேட்கிறோம். வயசானவர்களில் ஏதாவது ஒரு மாத்திரை பேர் சொல்லாதவர் அபூர்வம்.

பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு வேண்டாதது ஏதாவது நடந்தால் சொல்வதற்கு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பாதிக்கப்பட்டவரோ வீட்டாரோ நேரடியாகச் சொல்லலாம். என்ன சாப்பிட்டார், எந்தத் தேதியில் ஆரம்பித்தார், கூட வேறு என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்பார்கள். அதனால் பாக்கெட் காலியானதும் தூக்கிப் போட்டுவிடாமல் கொஞ்ச நாள் வைத்திருங்க.